கையொப்பத்துக்குக் கீழே

புதன்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில், சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டியபடி, தலைமைப் பதிப்பாசிரியர். அவருக்கு வலப்பக்கம், வெளிச்சம் காகிதத்தில் விழும்படி ஜன்னலை ஒட்டி, சொற்களின் வேரைத் தேடுவதே வேலையாக இருப்பவர். வேர்க்காரர் என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். இடப்பக்கம் மெய்ப்புத் திருத்துபவர். மூச்சு விடாமல் பேசுகிறவர் என்பதால் அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கதவோரமாக, எழுந்து போக வசதியான நாற்காலியில், கடிதப் பிரிவைத் தனியாளாகப் பார்க்கும் தபால் அக்கா. அவரைவிட நான்கு வயது மூத்த தலைமைப் பதிப்பாசிரியர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். தபால் அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். ‘ஹ முடியட்டும் அக்கா, எல்லாரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்’ என்று நிறுத்திவைத்திருந்தார்கள்.

அகராதி ‘அ’வில் தொடங்கி முப்பத்து நான்கு வருஷமாகிறது. இப்போதுதான் ‘ஹ’வுக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் கைப்பிடிச் சொற்கள்தான் பாக்கி.

அந்த அலுவலகத்தில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒரு சொல் உள்ளே நுழைய வேண்டுமானால் அதை யாராவது எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும். எழுதிய வாக்கியம், எழுதிய தேதி, எழுதியவர் யார் என்பதை உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றில் குறித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். செவிவழிக்கு அங்கே செல்லுபடி கிடையாது. சீட்டு இல்லாத சொல்லுக்குச் சீட்டுக் கிழிந்தது என்பது தலைமைப் பதிப்பாசிரியர் வருஷத்துக்கு நாலு தரமாவது சொல்லும் நகைச்சுவை. நாலு தரமும் காற்புள்ளி ஒருவர்தான் சிரிப்பார்.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட சொல் ‘ஹிப்பி’.

வேர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதில் தகராறு இல்லை. அமெரிக்கத் தெருப் பேச்சில் ‘ஹிப்’ என்றால் விவரம் தெரிந்தவன், நடப்பு அறிந்தவன் என்று பொருள்; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் ஏறிவிட்டது. ‘ஹெப்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க மொழி ஒன்றிலிருந்து என்பது ஒரு கட்சி. எந்தக் கட்சியிடமும் ஆதாரம் கிடையாது. பிறகு ஜாஸ் இசைக்குப் பின்னால் அலைந்த ஒரு கூட்டம் அந்தச் சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அவர்களைப் பார்த்து அவர்களைப் போலவே நடக்கப் பார்த்த பொடிசுகளை அவர்கள் இளக்காரமாக ஹிப்பி என்றார்கள், நாம் ‘அரைவேக்காடு’ என்பதைப் போல. அறுபதுகளின் நடுவில் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. யுத்தம் வேண்டாம், கழுத்துப்பட்டி வேண்டாம், அப்பா பார்த்த உத்தியோகம் வேண்டாம் என்று முடியை வளர்த்துக்கொண்டு கிளம்பிய பிள்ளைகளுக்கெல்லாம் அதுவே பெயராகி, கப்பலேறி, விமானமேறி, நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

“ஆக, கேலி பண்றதுக்குன்னே பொறந்த வார்த்தை,” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர்.

“கேலிக்குத்தான் பொறந்துச்சு. ஆனா அதோட தாத்தா விவரம் தெரிஞ்சவர். தாத்தாவோட அப்பா யாருன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது.”

காற்புள்ளி விடவில்லை. தன் வீட்டில் காதைத் தொடும் முடி எல்லாமே ஹிப்பிதான் என்றும், தான் வளர்த்த நாய்க்குக் கண்ணை மறைக்க முடி தொங்கியதால் தன் அப்பா அதையும் ஹிப்பி என்றே கூப்பிட்டார் என்றும், கடைசியில் அந்த நாய் ஒன்றுதான் வீட்டோடு இருந்தது, பிள்ளைகள் மூவரும் ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு மூன்று ஊருக்குப் போய்விட்டோம் என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். தபால் அக்காவும் உதட்டை அசைத்தார்.

தலைமைப் பதிப்பாசிரியர் தான் எழுதி வைத்திருந்த பொருளைப் படித்தார். “ஹிப்பி. பெயர்ச்சொல். தலைமுடியை நீளமாக வளர்த்து, குடும்பத்தையும் சமூக வழக்கத்தையும் உதறிவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் திரியும் இளைஞர்.”

சீட்டு ஒன்றே ஒன்று இருந்தது. பழைய செய்தித்தாள் துண்டு. அதிலும் ‘ஹிப்பி முடி’ என்று முடியைத்தான் சொல்லியிருந்தார்கள், ஆளைச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஓர் ஆளைப் பார்த்து இன்னொருவர் சொன்னதாகப் பழைய எழுத்து கிடைத்தால் தேவலை என்றார் அவர். கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பக்கத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தபால் அக்கா வழக்கமாக இந்தக் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. எந்த வாசகர் எந்தச் சொல்லைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று கேட்டால் கோப்பைப் பார்த்துச் சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்குக் கோப்பைப் பார்க்காமலே பேசினார்.

“வேலைவெட்டி இல்லாமன்னு போட வேண்டாங்கய்யா.”

“ஏன்க்கா?”

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. இப்பவும் பாக்கறாரு.”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதுமாக்கா? பெட்டிக்குத் தெரியணுமே,” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர், கேலியில்லாமல்.

தபால் அக்கா கொஞ்ச நேரம் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, தன்னிடம் ஒரு கடிதத்தின் பிரதி இருப்பதாகவும், அதில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் வருவதாகவும், நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தேதி என்றும் சொன்னார். வேர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்கிற பார்வை அது. வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார் தபால் அக்கா.

*

கடிதம் எழுதினால் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது தபால் அக்கா பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம்; கடிதம் எழுதுவதற்கென்றே வாரம் ஒரு வகுப்பு. இடது மேல்மூலையில் இடம், அதன் கீழ் தேதி. ஒரு பத்திக்கு ஒரு விஷயம். ஒரு கடிதத்துக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது. கையொப்பத்துக்குக் கீழே எதையும் எழுதக் கூடாது. மறந்துபோனதை அங்கே தொங்கவிடுவது அடுத்த வீட்டு வாசலில் குப்பை கொட்டுவதைப் போல, மறந்திருந்தால் முழுசாகத் திருப்பி எழுத வேண்டும் என்பார் ஆசிரியை. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். பதினாறு வயதில் அந்தத் தெருவில் யார் வீட்டுக் கடிதமானாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்பா சலூன் வைத்திருந்தார். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, சுவரில் கத்தி தீட்டுகிற தோல்வார். வீடு கடைக்குப் பின்னாலேயே. நடுவில் ஒரு திரைச்சீலை. அம்மா இல்லாத வீடு. முதல் நாற்காலி அப்பாவுக்கு, இரண்டாவது சம்பள ஆளுக்கு, மூன்றாவது அண்ணனுக்கு. அண்ணனுக்கு இருபது வயது. கை என்றால் அப்படி ஒரு கை. தூங்குகிற ஆளுக்குச் சவரம் செய்து முடித்து, துண்டை உதறுகிற சத்தத்தில்தான் எழுப்புவான்.

ஊருக்கு வெளியே ராணுவ முகாம் இருந்தது. யுத்தத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம். புதிதாகச் சேர்கிறவர்களை லாரியில் ஏற்றுவதற்கு முன் சலூனுக்குத்தான் கூட்டிவருவார்கள். மூன்று நாற்காலியிலும் உட்கார உட்கார, தலையை ஒட்ட மழித்து அனுப்ப வேண்டும். தரை முழுக்க முடி கணுக்காலளவு கிடக்கும். அவள்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டுவாள். ஒரு நாள் அந்த வரிசையில் அண்ணனோடு படித்தவன் ஒருவன் நின்றான். கடைக்குட்டி என்று தெருவில் பெயர். சுருட்டை முடி. மூன்றாவது நாற்காலிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து இரண்டு ஆளை முன்னால் விட்டுவிட்டுக் காத்திருந்து உட்கார்ந்தான். காதுக்குப் பின்னால ஒரு சுருட்டையை மட்டும் விட்டு வைடா, எங்க அம்மா அடையாளம் கண்டுபிடிக்க என்று அவன் சொல்ல, அண்ணன் சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்து வழித்தான்.

நாலு மாசத்தில் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை.

அதற்கப்புறம் அண்ணன் முகாம் தலைகளைத் தொடவில்லை. வேறு யார் வந்தாலும் வெட்டினான், மழித்தான், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. லாரி வந்து நின்றால் மட்டும் கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விடுவான். தன் தலையையும் யாரையும் தொட விடவில்லை. முதலில் காது மறைந்தது, பிறகு கழுத்து மறைந்தது. எட்டு மாசத்தில் தோளுக்கு வந்துவிட்டது.

முடிவெட்டுகிறவர் வீட்டில் முடி வளர்கிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்துக் கடைத் தையல்காரர் தினம் ஒன்று சொல்வார். “ஊர் வயலெல்லாம் அறுவடை ஆகுது, உங்க வீட்டு வயல்ல மட்டும் கதிர் சாயுதே.” அப்பாவும் சிரித்துச் சமாளிப்பார். ஒரு நாள் தையல்காரர் செய்தித்தாளோடு வந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் பூவும் தாடியுமாக ஒரு புல்வெளியில் உட்கார்ந்திருந்த படத்தைக் காட்டி, “பாத்துக்குங்க, உங்க பையன் ஹிப்பி ஆயிட்டான்,” என்றார். உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் மூவரும் கண்ணாடி வழியாகவே சிரித்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாத சொல்லால் அடிபட்டதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்துச் சொல் என்றார். அவள் மறுநாள் பள்ளியில் இருந்த ஒரே அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கம்வரை இல்லை. வந்து சொன்னாள்.

“அகராதியிலேயே இல்லாத ஆளாப் போயிட்டானா,” என்றார் அப்பா.

அன்றைக்கே சண்டை வந்தது. அப்பா கத்தரியை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது நாற்காலியின் பின்னால் நின்று, உட்காருடா என்றார். அண்ணன் உட்காரவில்லை. அப்பாவின் தொழிலைத் தான் அவமதிக்கவில்லை என்றும், அந்தச் சுருட்டையை வழித்த கை தன் கைதான் என்றும், இனி தன் தலையில் கத்தி படாது என்றும் மெதுவாகச் சொன்னான். சத்தம் போட்டிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். மறுநாள் காலையில் அவன் பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை.

இரண்டு மாசம் கழித்து விலாசம் தெரிந்தது. கடலோர ஊர் ஒன்றில், மூடிக் கிடந்த படகுக் கொட்டகையில், அவனைப் போலவே வீட்டை விட்டு வந்த ஏழெட்டுப் பேரோடு இருந்தான். அப்பா ஓர் உள்நாட்டுத் தபால் தாள் வாங்கிவந்து மகளிடம் கொடுத்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அவர் சொல்லச் சொல்ல, அவள் பள்ளிக்கூடத்து நடையில் ஒழுங்குபடுத்தி எழுதினாள்:

‘மகனுக்கு, நலம். நலமறிய ஆவல். நீ ஹிப்பியாகத் திரிவதாகக் கேள்விப்படுகிறேன். ஊரார் தலையைச் சீராக வைத்துப் பிழைக்கிறவன் வீட்டில் ஹிப்பிக்கு இடமில்லை. முடியை வெட்டிக்கொண்டு வருவதானால் வரவும். இல்லையேல் வர வேண்டாம். இப்படிக்கு, உன் தந்தை.’

அப்பா கையெழுத்துப் போட்டார். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனவர் அங்கேயே நின்றார். முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியே நின்றுகொண்டு சொன்னார்.

“வெட்டாட்டியும் பரவாயில்ல. வரச் சொல்லு. மூணாவது நாற்காலி சும்மாதான் கெடக்கு.”

அவள் கையில் பேனா இருந்தது. தாளில் இடமும் இருந்தது, இரண்டு விரற்கடை. ஆனால் அது கையொப்பத்துக்குக் கீழே. முழுசாகத் திருப்பி எழுத வேறு தாள் இல்லை. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. பதில் வரட்டும், அடுத்த கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தாள். “சரிப்பா,” என்றாள். பசையை நாக்கால் நனைத்து, மூன்று மடிப்பையும் அழுத்தி ஒட்டினாள். பிரதி நோட்டில் எப்போதும்போல எழுதிக்கொண்டாள், கையொப்பம்வரை.

பதில் வரவில்லை. பதில் வராததால் அடுத்த கடிதமும் எழுதப்படவில்லை.

அப்பா பதினோரு வருஷம் இருந்தார். சம்பள ஆள் இரண்டு முறை மாறினான். மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடவில்லை. கூட்டமான நாளில்கூட வாடிக்கையாளர்கள் பெஞ்சியில் காத்திருப்பார்கள், அது துடைத்து வைத்தபடி கிடக்கும். கடைசி வருஷம், படுக்கையில் இருந்தபோது ஒரே ஒருமுறை கேட்டார்.

“அன்னிக்குக் கடைசியா ஒண்ணு சொன்னேனே, அதைப் போட்டேல்ல?”

“போட்டேன்பா.”

“அப்படியும் வரலையே. சரி. நான் பெத்த பிள்ளைதானே, என்னை மாதிரியேதான் இருப்பான்.”

அதற்கப்புறம் கேட்கவில்லை. அவர் போனபோது அண்ணனுக்குத் தந்தி அடித்தாள். ஆள் வரவில்லை, பத்து நாள் கழித்துத் தபால் அட்டை வந்தது. ‘வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு அவர் இல்லாத நேரம் பார்த்து நுழையக் கூடாது. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே அவர். நீ நன்றாக இரு.’

அந்த அட்டைக்குத்தான் அவள் உண்மையான பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தாள். அப்பாவிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று நாலு வரியில் முடித்தாள். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஓர் அட்டை அவனிடமிருந்து, ஓர் அட்டை அவளிடமிருந்து. கொட்டகையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்று ஓர் அட்டையில் இருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு முடி வெட்டி, சவரம் செய்து, நகம் வெட்டிவிடும் வேலை பார்க்கிறேன் என்று இன்னோர் அட்டையில் இருந்தது. ‘என் முடி இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது, பாதி வெள்ளை. நோயாளிகள் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறார்கள்.’ அதைப் படித்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டையைத் தேதி வரிசையில் கோப்பில் சேர்த்தாள்.

இந்த வருஷத்து அட்டை பங்குனியிலேயே வந்திருக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டது.

*

வியாழக்கிழமை காலை பிரதி நோட்டைத் தலைமைப் பதிப்பாசிரியரின் மேசைமேல் வைத்தார் தபால் அக்கா. அவர் எழுந்து நின்று படித்தார். அருமையான சீட்டு என்றார். தேதி இருக்கிறது, வீட்டுப் பேச்சு இருக்கிறது, ஆளைப் பார்த்துச் சொன்னது இருக்கிறது. நம்மிடம் உள்ளதிலேயே பழையது. வேலைவெட்டி என்ற பேச்சே இதில் இல்லாததால் பொருளில் அதை அடித்துவிடலாம் என்றும் சொன்னார். வீட்டில் இடம் உண்டா இல்லையா என்றுதான் சண்டை, வேலையைப் பற்றி இல்லை.

தபால் அக்காவுக்கு அதுவே போதும் என்று தோன்றியது. முந்தின நாள் வாய் திறந்தது அதற்காகத்தானே. ஆனால் அலுவலகத்துக்கு இன்னொரு நடைமுறையும் இருந்தது. சொந்தக் கடிதத்திலிருந்து சீட்டு எழுதினால், அதை வாங்கியவரிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டும். போட்டவரிடம் கேட்பதில்லை; கடிதம் வாங்கினவனுக்குத்தான் சொந்தம் என்பது அங்கே வைத்திருந்த முறை. அனுமதிக் கடிதம் அச்சடித்த படிவம். வாசகத்தை இருபது வருஷத்துக்கு முன் ஒழுங்கு செய்தவரே தபால் அக்காதான். அதன் அடியில், பிரதி எடுத்தவர் கையெழுத்திட வேண்டிய வரி ஒன்று உண்டு: ‘எழுதப் பணித்தவர் சொன்னது முழுவதும் இதில் உள்ளது, எதுவும் விடப்படவில்லை.’

எத்தனையோ நூறு படிவத்தில் அவர் பார்த்த வரி. வாசகர் யாரோ, பிரதி யாரோ, கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். இன்றைக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். வாங்கியவர் என்ற இடத்தில் விலாசம். உறவு என்ற இடத்தில் அண்ணன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“என்னக்கா, மை தீந்துடுச்சா?” என்றார் காற்புள்ளி, பக்கத்து மேசையிலிருந்து.

தபால் அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு தலைமைப் பதிப்பாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முப்பது வருஷத்தில் அந்தக் கதவை அவர் சாத்தியது அதுதான் முதல் தடவை.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்கய்யா.”

“ஏன்? பிரதி உங்க கையெழுத்துதானே?”

“பிரதி சரியா இருக்கு. கடிதம்தான் சரியா இல்ல. எங்கப்பா இன்னொரு வரி சொன்னாரு. நான் எழுதல.”

அவர் நாற்காலியைக் காட்டினார். தபால் அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, தேதி வாரியாக, கோப்பைப் படிப்பதுபோலச் சொல்லி முடித்தார். கையொப்பம், இரண்டு விரற்கடை இடம், பரீட்சை, படுக்கையில் கேட்ட கேள்வி, சொன்ன பதில், வந்த அட்டை.

“எங்கப்பா கூப்பிட்டதே எங்கண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் வராததுக்கு அப்பா ஒரு காரணம் நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி, தப்பில்லாம எழுதணும்னு.”

அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது நடந்தது என்று தலைமைப் பதிப்பாசிரியர் ஏதோ தொடங்கி, அது தனக்கே பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

“சீட்டுக்கு இது உதவாதுக்கா,” என்றார் கடைசியில். “எழுதாத வரியை நான் ஏத்துக்க முடியாது. அந்த வரி இல்லாத கடிதத்தை முழுசுன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. சொல்லவும் வேணாம்.”

“அப்ப பொருளு?”

“வேலைவெட்டி இல்லாதவர்ங்கறதுக்கும் என்கிட்ட சீட்டு இல்லையே. நானா எழுதினதுதானே. அடிச்சுடறேன்.” அவர் பென்சிலை எடுத்து அந்த மூன்று சொற்களின் மேல் கோடு இழுத்தார். பிறகு நோட்டை மூடி அவரிடம் நீட்டினார். “அலுவலகத்துக்கு இனி இந்தக் கடிதம் வேண்டாம். உங்களுக்கு வேணுமான்னு பாருங்க.”

*

வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போனது. ‘வேலைவெட்டி இல்லாமல் திரியும்’ இருந்த இடத்தில் ‘வாழ்ந்த’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. காற்புள்ளி மெய்ப்பைக் கொண்டுவந்து காட்டி, வரி கொஞ்சம் குட்டையாகிவிட்டது அக்கா, வலது ஓரம் காலியாக நிற்கிறது, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றார் தபால் அக்கா.

அன்று மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அலுவலகத் தாள் இல்லை, படிவம் இல்லை. கடையில் வாங்கிய கோடு போடாத வெள்ளைத் தாள். இடது மேல்மூலையில் இடம், அதன் கீழ் தேதி. அன்புள்ள அண்ணனுக்கு என்று தொடங்கினார். முதல் பத்தியில், இந்த வருஷத்து அட்டை வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டார். இரண்டாம் பத்தியில், ஒரு சொல் அகராதியில் ஏறிவிட்டது, அதன் வேர்ச்சொல்லுக்கு விவரம் தெரிந்தவன் என்று பொருள் என்று வேலை பார்க்கிற இடத்தில் ஒருவர் சொன்னார் என்று எழுதினார். மூன்றாம் பத்தி நீளமாக இருந்தது. அதில் ஒரு திரைச்சீலையைப் பற்றியும், ஒரு பரீட்சையைப் பற்றியும், படுக்கையில் கிடந்தவரிடம் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் எழுதினார். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்பதற்கு முன் அவனுக்குச் சேர வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

இப்படிக்கு என்று எழுதி, உன் தங்கை என்று கையொப்பமிட்டார்.

பிறகு அதற்குக் கீழே, வேண்டுமென்றே விட்டு வைத்திருந்த இரண்டு விரற்கடை இடத்தில், எந்த நடையிலும் ஒழுங்குபடுத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதினார்: ‘வெட்டாட்டியும் பரவாயில்ல. வரச் சொல்லு. மூணாவது நாற்காலி சும்மாதான் கெடக்கு.’

பிரதி எடுக்கவில்லை.

தபால் நிலையத்தில் நாலு மணிக்குப் பதிவுத்தபால் ஜன்னல் சாத்திவிடுவார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பல வருஷப் பழக்கம். அகராதி அம்மா இன்றைக்கு ஒரே ஒரு கவரோடு வந்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டார். விலாசத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “வாங்கறவர் இருக்காராம்மா? அந்தப் பக்கம் நெறைய தபால் திரும்பி வருது,” என்றார்.

“தெரியல. கேக்கத்தான் எழுதியிருக்கேன்.”

“ஒப்புகை அட்டை வைக்கவா?”

“வைங்க.”

ஒப்புகை அட்டையில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற கோட்டை மட்டும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். கவுண்டரில் பசை டப்பா இருந்தது, கம்பியில் கட்டிய தூரிகையும் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கவரின் மடிப்பை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி, காயும்வரை பிடித்திருந்து, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.